மலைமேட்டு அபூர்வத் தாவரங்கள்

பாச்சலூர் வட்டாரத்தில் காப்பியும் மலைவாழையும் விளையும் சரிவுகளைக் கடந்து மேலே ஏறினால், சுமார் 6,500 அடிக்கு மேல் கொடைக்கானல் மேட்டுநிலம் பரந்து கிடக்கும். அங்குள்ள தாவரங்கள் அடிவாரத்தில் காண்பதற்கரியன. செம்மலர் பூக்கும் காட்டுப்பூவரசின் இனம் இமயத்தில் உண்டு. நீலகிரி, பழனி, இலங்கை மலைகளிலும் உண்டு. இடைப்பட்ட சமவெளிகளில் இல்லை. குளிர்ந்த உயர்நிலங்கள் தீவுகள்போல் தனித்து நிற்றலே இதற்குக் காரணமாகும்.

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, விதையீன்று, பட்டுப்போகும். 2018-இல் பூத்தது, இனி 2030-இல் எதிர்பார்க்கலாம். விதை முற்றுமுன் பூத்த செடியை வெட்டினாலும் தீயிட்டாலும், அச்செடிக்குச் சந்ததி இராது.

இப்புல்வெளிகளும், பள்ளங்களில் அடர்ந்த சோலைகளும் மழைநீரை உள்வாங்கி ஓடைகளுக்கு மெல்ல மெல்ல விடுவன. ஆனால் தோல் பதனிடும் பட்டைக்காக ஆஸ்திரேலியாவினின்று கொணர்ந்து நடப்பெற்ற வாட்டில் என்னும் சீகைமரம், தானே பரவிப் புல்வெளிகளை மூடி வருகின்றது. புல்வெளி அழியின் குறிஞ்சிக்கு இடமில்லை. ஓடை வற்றின் அடிவாரத்துப் பாசனத்திற்கும் குறைவு நேரும்.

ஆகையால் மலைப் பட்டாதாரர்கள் ஓடைக்கரைச் சோலையை வெட்டாமலும், கோடையில் புல்லுக்குத் தீயிடாமலும், வரப்பில் முளைக்கும் சீகைக் கன்றுகளை இளமையிலேயே வேரோடு களைந்தும் வருதல் நலம். கிராம அதிகாரிகளும் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பது அவசியம்.