நேசமணி எங்கட கடைக்கு வந்த நாள்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். ரியூசன் முடிந்து வரும் பெடியள் போனை நீட்டி, "அண்ணை, இதைப் பாருங்கோ" என்பார்கள். வடிவேலுவின் முகம், மேலே எங்கட ஊர்க்கதை. பஸ் வரேல்லை, உழுந்துக்கு விலையில்லை.

2008 அளவில் ஆங்கில இணையத்தில் இதேபோல நாலு கட்டச் சித்திரக்கதை ஒன்று பரவியது. பெயின்ற் மென்பொருளில் கிறுக்கிய கோபமுகம். கீறத் தெரியாதவரும் அந்த முகத்தை எடுத்து, எழுத்தை மாற்றினால் தன் கதை. அதன் பலமே அதுதான். தமிழில் அந்த இடத்தைச் சினிமாக் காட்சிகள் பிடித்தன.

2001இல் வந்த 'ப்ரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த கொன்ராக்டர் நேசமணியின் தலையில் சுத்தியல் விழும். 2019 மே கடைசியில், முகநூலில் யாரோ சுத்தியல் படம் போட்டு அதன் பெயர் கேட்க, தமிழர் ஒருவர் நேசமணிக்கு நடந்ததை உண்மைபோல எழுதினார். அவருக்காகப் பிரார்த்திக்கும் ஹாஷ்டாக் உலக அளவில் முன்னுக்கு வந்தது.

இலங்கையில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்து அப்போது ஆறு கிழமைகூட ஆகவில்லை. ஒரு பெடியன் நேசமணி படத்தில் சுத்தியலை எடுத்துவிட்டு, அந்த நாளில் சோதனைக்குத் திறந்து காட்டவேண்டியிருந்த பள்ளிக்கூடப் பையை அங்கே ஒட்டியிருந்தான். கடையில் நின்ற எல்லாரும் சிரித்தோம். கன நாளைக்குப் பிறகு.