பட்டாளத்திற்குப் போன பாட்டனார்: ஒரு பெயரைத் தேடும் பணி

நம் இல்லங்கள் பலவற்றில் வழிவழியாக வழங்கிவரும் செய்தி ஒன்று உண்டு. "பாட்டனாரின் தம்பி பட்டாளத்திற்குப் போனார்" என்பதே அது. எந்தப் படை, எந்த நாடு, எந்த ஆண்டு என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. திரும்பி வந்தவர்கள் பேசாமலே மறைந்தனர். திரும்பாதவர்களைப் பற்றிப் பேச எவருமில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்து எண்பது ஆண்டுகள் கடந்துவிட்ட நிலையில், அவர்களைக் கண்ணால் கண்ட முதியோரும் ஒவ்வொருவராக விடைபெற்று வருகின்றனர். இன்று தேடாவிட்டால் இனித் தேட வழியிராது.

தலைவரும் தொண்டரும்

காவிரிக் கரையில் அமைந்த மோகனூரை நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை பிறந்த ஊராகவே பலரும் அறிவர். உப்புச் சத்தியாக்கிரகத்திற்கு வழிநடைப் பாடல் தந்த கவிஞர் பிறந்த அதே வட்டாரம், பீரங்கிப் படைக்கும் ஒரு பெருந்தலைவரைத் தந்துள்ளது. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்த பி.பி. குமாரமங்கலம் அவர்களே அவர். மதராஸ் மாகாணத்தின் முதலமைச்சராக 1926 முதல் 1930 வரை இருந்த டாக்டர் ப. சுப்பராயனின் மைந்தர்.

லிபியா நாட்டுப் பாலைவனத்தில் பீர் ஹக்கீம் என்னுமிடத்தருகே 1942 மே 27 அன்று நடந்த கடும்போரில், இந்தியப் பீரங்கிப் படையின் இரண்டாவது கள ரெஜிமெண்டைச் சேர்ந்த ஒரு பேட்டரிக்கு அவர் தலைமை தாங்கினார். இத்தாலியக் கவசப்படை அவர்களைச் சூழ்ந்து தாக்கியது. குமாரமங்கலம் சிறைப்பட்டார். இத்தாலியச் சிறைமுகாமிலிருந்து தப்பி, மீண்டும் பிடிபட்டு, ஜெர்மனிக்குக் கொண்டு செல்லப்பட்டார். வீரத்திற்குரிய டி.எஸ்.ஓ. விருது பெற்ற அவர், 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாகவும் விளங்கினார்.

தளபதியின் வரலாறு அரசிதழிலும் நூல்களிலும் இடம்பெற்றுவிட்டது. ஆனால் அவரைப் போன்ற அதிகாரிகளின் ஆணைக்குக் காத்திருந்து பீரங்கிக்குக் குண்டு எடுத்துக் கொடுத்த எளிய வீரர்களின் வரலாறு எங்கே? அது ஓர் எண்ணாக, ஒரு பழைய காகிதமாக, ஒரு கல்லில் பொறித்த பெயராக எங்கோ கிடக்கிறது. அதைக் கண்டெடுப்பது குடும்பத்தாரின் கடமை.

பீரங்கிப் படையில் என்ன வேலை?

1939இல் ஏறத்தாழ இரண்டு இலட்சமாக இருந்த இந்தியப் படை, 1945இல் இருபத்தைந்து இலட்சமாகப் பெருகியது. இவர்கள் கட்டாயத்தால் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் அல்லர். சம்பளமும் சாப்பாடும் கருதிச் சேர்ந்தவர்களே பெரும்பாலோர். 1942 ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய இடங்களில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது, போர் நம் வாசலுக்கே வந்துவிட்டது.

பீரங்கி வீரர் என்றதும் பீரங்கியைச் சுட்டவர் என்றே எண்ணிவிடுகிறோம். அக்காலக் கள ரெஜிமெண்டுகளில் இருபத்தைந்து ராத்தல் பீரங்கி பெயர் பெற்றது. பதினொரு கிலோவுக்கு மேற்பட்ட குண்டைப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவுக்கு எறியும் அப்பீரங்கியை இயக்க ஆறு பேர் வேண்டும். அவர்களுக்கு அப்பால் வண்டியோட்டி, கம்பியில்லாத் தந்திக்காரர், சமையற்காரர் ஆகியோரும் அதே படையினரே. மலைப் பீரங்கிப் படையிலோ பீரங்கியின் உறுப்புகளைக் கோவேறு கழுதைகள் சுமந்தன. அவற்றை நடத்திச் செல்லவும் வீரர்கள் இருந்தனர். பர்மாவின் கலதான் பள்ளத்தாக்கில் 1944 டிசம்பரில் காட்டிய வீரத்திற்காக விக்டோரியா கிராஸ் விருது பெற்ற ஹவில்தார் உம்ராவ் சிங் இத்தகைய மலைப் பீரங்கிப் படையைச் சேர்ந்தவர். ஆகவே, "அவர் லாரி ஓட்டினார்", "கழுதை மேய்த்தார்" என்று வீட்டில் சொல்லக் கேட்டால், பீரங்கிப் படையில் இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

தேடலைத் தொடங்கும் முறை

முதல் ஆவணக் காப்பகம் நம் வீட்டுப் பரண்மீதுள்ள தகரப்பெட்டியே. படைவிடுப்புச் சான்றிதழ், ஓய்வூதியப் புத்தகம், மணியார்டர் கூப்பன், புகைப்படத்தின் பின்புறக் குறிப்பு, பதக்கம் ஆகியவற்றைத் தேடுங்கள். பதக்கங்கள் பலவற்றின் விளிம்பில் வீரரின் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். பர்மா ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார் போன்ற பதக்கங்கள் அவர் பணியாற்றிய நாட்டையே சொல்லிவிடும்.

பெயரைவிட எண் முக்கியம். நம் பெயர்கள் ஆங்கிலத்தில் படும்பாடு யாவரும் அறிந்ததே. முஹியித்தீன், மைதீன், மொய்தீன் என ஒரே பெயர் பல வடிவம் கொள்ளும். ராவுத்தர், ஷேக், சையது என்பவை முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளும், அல்லது விடுபட்டுப் போகும். எனவே தந்தையின் பெயரையும் ஊரையும் சேர்த்தே தேடவேண்டும். நாமக்கல் மாவட்டம் 1997 ஜனவரியிலிருந்துதான் தனித்து இயங்குகிறது. போர்க்காலப் பதிவுகளில் மோகனூர் சேலம் மாவட்டம் என்றே காணப்படும்.

இவ்விவரங்களுடன், மகாராஷ்டிர மாநிலம் நாசிக் ரோடு முகாமிலுள்ள பீரங்கிப்படை ஆவண அலுவலகத்திற்கு விண்ணப்பம் எழுதலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் அணுகலாம். வீரரோ அவர் விதவையோ எப்போதேனும் உதவித்தொகை பெற்றிருந்தால் அங்கே கோப்பு இருக்கக்கூடும். 1947 பிரிவினையின்போது பீரங்கி ரெஜிமெண்டுகளும் இரு நாடுகளுக்கும் பங்கிடப்பட்டன என்பதை நினைவிற் கொள்க. பழைய ரெஜிமெண்டின் பெயர் இன்று இந்தியப் படையில் காணப்படாமைக்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

ரெஜிமெண்டின் பெயர் தெரிந்துவிட்டால், அதன் அன்றாட நிகழ்ச்சிகளைக் கூறும் போர் நாட்குறிப்புகளை லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் காணலாம். அவற்றில் எளிய வீரரின் பெயர் வருவது அரிது. ஆயினும் இன்ன நாளில் இன்ன ஊரில் அவருடைய படை தங்கியிருந்தது என்பது தெரியவரும்.

திரும்பி வராதவர்கள்

போரில் உயிர்நீத்தோரைப் பதிவுசெய்யும் பணியை 1917இல் தொடங்கப்பட்ட பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணையம் செய்து வருகிறது. பதவி, இனம், மதம் என்ற வேறுபாடு காட்டலாகாது என்பது அதன் கொள்கை. அதன் பட்டியலை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். இந்திய வீரர் பலருக்குத் தந்தை பெயர், மனைவி பெயர், கிராமம், மாவட்டம் ஆகியனவும் அதில் குறிக்கப்பட்டுள்ளன. இம்பாலிலுள்ள இந்தியப் படையினர் கல்லறைத் தோட்டத்தில் எண்ணூறுக்கு மேற்பட்டோர் அடங்கியுள்ளனர். அவர்களுள் முஸ்லிம்கள் பலர். கபுரு அறியப்படாதோரின் பெயர்கள் நினைவுச் சின்னங்களில் பொறிக்கப்பட்டுள்ளன. பர்மாவில் தவுக்கியான் என்னுமிடத்திலுள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் மட்டும் ஏறத்தாழ 27,000 பெயர்கள் உள்ளன.

எம் பாட்டியாரின் தமையனார் ஒருவரும் அவ்வாறு சென்று திரும்பாதவரே. ஆணையத்தின் பட்டியலில் அவர் பெயருடையோர் பலர் இருந்தனர். பழைய மணியார்டர் கூப்பன் ஒன்றில் மங்கிக் கிடந்த எண்ணே அவர்களுள் நம்மவர் இன்னார் என்று காட்டிக் கொடுத்தது. அவருக்குக் கபுரு இல்லை. கல்லில் பெயர் உண்டு. "அண்ணன் மவுத்தானாரா, உயிரோடு இருக்கிறாரா?" என்று ஆயுள் முழுதும் கேட்டுக்கொண்டிருந்த பாட்டியார், அவ்விடை கிடைக்குமுன்பே மறைந்துவிட்டார்.

இவ்வினா வெறும் ஏக்கம் மட்டுமன்று. காணாமற் போனவரைச் சட்ட நூலோர் 'மஃப்கூத்' என்பர். அவர் மனைவியின் நிலை என்ன, அவர் சொத்தின் பங்கீடு எப்படி என்று இமாம்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஹனஃபி மத்ஹபின்படி மனைவி காத்திருக்க வேண்டிய காலம் மிக நீண்டது. மாலிகி மத்ஹபிலோ நான்கு ஆண்டுகள். உலகப்போர் மூண்ட அதே 1939இல் நிறைவேறிய முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், நான்காண்டுகள் கணவனைப் பற்றித் தகவலே இல்லையெனில் மனைவி நீதிமன்றம் சென்று மணவிலக்குப் பெற உரிமை அளித்தது. தீர்ப்பு நடைமுறைக்கு வர ஆறு மாத அவகாசம் உண்டு. அதற்குள் கணவன் திரும்பி வந்து இல்லறக் கடமையை ஏற்க முன்வந்தால் தீர்ப்பு நீக்கப்படும். இவ்வுரிமையை அறியாமலே மனைவியும் ஆகாது விதவையும் ஆகாது காலங்கழித்த பெண்கள் எத்தனை பேரோ! ஒரு மரணச் செய்தி உரிய வேளையில் உரிய வீட்டைச் சேர்வது எத்துணை இன்றியமையாதது என்பதை அவர்களின் வாழ்வு உணர்த்துகிறது.

வாசக சகோதர சகோதரிகளே! இத்தேடல் குடும்பப் பெருமை பேசுவதற்கன்று. அந்நிய அரசின் படையில் பணியாற்றியது சரியா தவறா என்று தீர்ப்புக் கூறுவதற்குமன்று. வறுமையின் பொருட்டுக் கடல் கடந்த ஒரு வாலிபர், எங்கே எந்த நாளில் மண்ணுக்குள் சென்றார் என்று அறிந்து, அவர் பெயரை வம்சாவளியில் எழுதி, அவருக்காகத் துஆச் செய்வதற்கே. இவ்வாரமே பெட்டியைத் திறந்து பாருங்கள். வீட்டிலுள்ள மூத்தவரிடம் அமர்ந்து அவருக்குத் தெரிந்த பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அல்லாஹ் அவர்தம் பிழைகளைப் பொறுத்து, கபுரை விசாலமாக்கி அருள்வானாக! ஆமீன்.