மூளையலையும் மனநோயும்

மனம் உருவற்றது, அதனைக் கருவியால் அளத்தல் இயலாது என்பர். ஆயினும் மனத்துக்கு நிலைக்களமாகிய மூளை உயிருள்ள ஓர் உறுப்பு. அதன் கோடிக்கணக்கான நரம்புக்கலங்கள் மின்குறிப்புக்களால் ஒன்றோடொன்று தொடர்புகொள்கின்றன. அம்மின்விளைவின் ஒரு சிறு கூறு மண்டையோட்டையுங் கடந்து தலைத்தோலிற் புலப்படும். அதனைப் பெருக்கி வரைந்து காட்டுவதே மூளையலைச் சோதனை.

1875 ஆம் ஆண்டில் லிவர்பூல் நகரத்து வைத்தியர் றிச்சாட் கேற்றன், முயல், குரங்கு ஆகியவற்றின் மூளையில் மின்னோட்டம் உண்டெனக் கல்வனோமானி கொண்டு கண்டார். மனித மூளையின் அலைகளை முதன்முதல் வரைந்தவர் ஜேர்மனியிலுள்ள யேனா நகரத்து மனநோய் வைத்தியர் ஹான்ஸ் பேர்கர். 1924 இல் வெற்றி கண்ட அவர், 1929 இலேயே அதனை வெளியிட்டார். அறிஞர் பலர் ஐயுற்றனர். 1934 இல் கேம்பிரிட்சில் ஏட்றியன், மதியூஸ் ஆகிய இருவரும் தாமே செய்துபார்த்து மெய்யென நிறுவிய பின்னரே உலகம் அதனை ஏற்றது.

இச்சோதனையில் நோவு இல்லை. ஏறக்குறைய இருபது சிறு உலோகத் தகடுகள் தலையிற் பொருத்தப்படும். தலைக்குள் மின்சாரம் செலுத்தப்படுமென அஞ்சுவாருளர். மின்னதிர்ச்சிச் சிகிச்சை வேறு, இது வேறு. இது மூளையின் மின்னை வாங்குமேயன்றிக் கொடுப்பதில்லை. கண்ணை மூடி அமைதியாக விழித்திருப்பவரின் தலைப் பின்புறத்தில் செக்கனுக்கு 8 முதல் 13 வரையான அலைகள் தோன்றும். இவை அல்பா அலைகள் எனப்படும். கண் திறந்ததும் ஒடுங்கும்.

இவ்வலைகளைக் கொண்டு ஒருவரது மனநோய் இன்னதெனக் கூறலாமோ? கூறலாகாது. உளச்சிதைவு, மனச்சோர்வு முதலிய நோய்களுக்கு, கண்டவுடன் துணியத்தக்க தனி அலை எதுவும் அறியப்படவில்லை. சோதனையின் பயன் பிறிதொன்று: மனநோய்போலத் தோன்றும் மூளைநோயைப் பிரித்துக் காட்டுதல்.

வகுப்பிலே ஒரு பிள்ளை சில செக்கன்கள் வெறித்துப் பார்த்து, அழைத்தாலும் கேளாதிருப்பின், கவனமற்றவனென ஆசிரியர் கடிந்துகொள்வர். அது வலிப்பின் ஒரு வகையாகவும் இருக்கலாம். அவ்வேளையில் செக்கனுக்கு மூன்றாக எழும் கூரிய அலைகளை 1935 இல் கிப்ஸ், டேவிஸ், லெனொக்ஸ் என்போர் அமெரிக்காவில் விளக்கினர். தண்டனையன்று, மருந்தே அப்பிள்ளைக்கு வேண்டுவது. முதியவர் ஒருவர் திடீரெனப் பிதற்றும்போது அலைகள் மிகத் தளர்ந்திருப்பின், காய்ச்சல், ஈரல்நோய் முதலியவற்றால் மூளை தாக்குண்டதோ என ஆராய்தல் வேண்டும். கைகால் வெட்டி இழுக்காமலே நீடிக்கும் வலிப்பினால் மதிமயங்கி நிற்பாரும் உளர்; அவர்தம் நோயை வெளிப்படுத்துவது பெரும்பாலும் இச்சோதனையே.

எனினும், வரைவு செவ்விதாயிருப்பதனால் வலிப்பு இல்லையெனத் துணிதல் கூடாது. நோயற்றார் சிலரிடத்தும் மாறுபட்ட அலைகள் தோன்றும். கவனக்குறைவு நோயை அறியத் துணைபுரியுங் கருவியொன்றுக்கு 2013 இல் அமெரிக்க அரசு இசைவு வழங்கியது. ஆயின், வைத்தியரின் நேரடி ஆய்வுக்கு ஈடாக அவ்வலைக் கணக்கைக் கொள்ளலாகாதென அந்நாட்டு நரம்பியல் வைத்தியர் கழகம் 2016 இல் அறிவுறுத்தியது.

ஆகவே, வரைவுத்தாள் நீதிபதியன்று; சாட்சியே. நோயாளியின் சொல்லையும் சுற்றத்தார் கூற்றையும் பொறுமையாகக் கேட்ட வைத்தியருக்கே அச்சாட்சி பயன்படும். பித்தனென்றும் பேய்பிடித்தவளென்றும் ஒருவரைத் தள்ளிவிடுமுன், அவர்தம் மூளை நோயுற்றுளதோ என வினவுதல் அறிவுடையார் கடனாகும்.