காலண்டரில் கிரகம் 9, பாடத்தில் கோள் 8: குழப்பம் ஏன்?

சிவகாசி: சிவகாசியில் அச்சாகும் தினசரி காலண்டரில் ராகு காலம் தவறாமல் இருக்கும். கோவிலிலும் நவக்கிரகம் ஒன்பது. ஆனால் பரீட்சையில் 'கோள்கள் ஒன்பது' என்று எழுதினால் மார்க் போச்சு!

புளூட்டோவைத் தூக்கியதால்தான் இந்த வித்தியாசம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தப்பு. நவக்கிரகத்தில் புளூட்டோ எப்போதுமே கிடையாது. வெறும் கண்ணுக்குத் தெரியாத அதை 1930-ல்தான் கண்டுபிடித்தார்கள்.

நவக்கிரகத்தில் உள்ள சூரியன் ஒரு நட்சத்திரம். சந்திரன் பூமியின் துணைக்கோள். ராகுவும் கேதுவும் உருவமே இல்லாத புள்ளிகள். வானத்தில் சூரியன் போகும் பாதையை சந்திரனின் பாதை வெட்டுகிற 2 இடங்கள்தான் அவை. கிரகணம் வருவதும் இவற்றின் அருகில்தான். மிச்சமுள்ள செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி ஆகிய 5 மட்டுமே விஞ்ஞானக் கணக்கில் கோள்கள். நாம் நிற்கும் பூமிக்கு நவக்கிரகத்தில் இடமே இல்லை!

2006 ஆகஸ்டு 24-ந்தேதி பிராக் நகரில் கூடிய சர்வதேச வானியல் சங்கம் 3 நிபந்தனை போட்டது. கோள் என்றால் சூரியனைச் சுற்ற வேண்டும், சொந்த ஈர்ப்பால் உருண்டையாக இருக்க வேண்டும், தன் பாதையை ஒட்டிய மற்ற பொருட்களை அகற்றியிருக்க வேண்டும். மூன்றாவதில் புளூட்டோ பெயில். அந்தப் பக்கம் பனி உருண்டைகள் ஏராளம். இதனால் அது 'குறுங்கோள்' ஆனது. இதை ஒப்புக்கொள்ளாத விஞ்ஞானிகள் இன்றும் உண்டு.

காலண்டர்காரர்களுக்கு இதனால் ஒரு மாற்றமும் வரவில்லை. பகல் பொழுதை எட்டாகப் பங்கு போட்டு, அதில் ஒரு பங்கான ஒன்றரை மணி நேரத்தைத்தான் ராகு காலம் என்கிறார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.