பிறந்த பிள்ளைக்கு ஓர் இடம்

நம் ஊர் வீடுகளில் பிறந்த குழந்தைக்கென்று தனி அறை இருந்ததில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணுக்கு உள்ளறை ஒன்றை ஒழித்துக் கொடுப்பார்கள். குழந்தையின் இடம் அவள் பாயின் ஓரம். புண்ணியாகவாசனம் முடிந்து பேர் வைக்கும் நாளில்தான் தொட்டில். வசதியுள்ள வீடுகளில் கடைசல் வேலை செய்த மரத்தொட்டில் பரணிலிருந்து இறங்கும். மற்ற வீடுகளில் விட்டத்தில் தூளி.

தூளி கட்டுவதில் பாட்டிமார் கறாரானவர்கள். புதுச் சேலை ஆகாது. பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பருத்திச் சேலைதான் வேண்டும். அதுவும் நடுவில் இற்றுப்போயிருக்கிறதா என்று வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துப் பார்ப்பார்கள். முடிச்சுப் போட்டதும் குழந்தையை விட்டுவிட மாட்டார்கள். கையை ஊன்றி அழுத்தி இழுத்துப் பார்ப்பார்கள். சில வீடுகளில் முதலில் அம்மிக் குழவியைப் போட்டு ஆட்டிவிட்டுத்தான் பிள்ளையைப் போடுவார்கள். இரண்டு பக்கத் துணியும் முகத்தில் மூடிக்கொள்ளாமல் இருக்கக் குறுக்கே ஒரு தொட்டில் கட்டை. தரைக்கும் தூளிக்கும் அதிக உயரம் விடமாட்டார்கள். கீழே மடித்த ஜமுக்காளம் ஒன்று கிடக்கும். குழந்தை நனைத்துவிட்டால் அதில் சொட்டும், உடனே தெரிந்துவிடும்.

கட்டிய விதத்தைவிடக் கட்டிய இடம் முக்கியம். கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவில், போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு கை ஆட்டிவிட்டுப் போகும் இடத்தில்தான் தூளி தொங்கும். கயிற்று நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு கீரை ஆய்வாள் அத்தை. அந்த வீட்டில் குழந்தைக்குக் காவல் என்றால் அது ஆட்கள்தான்.

அதற்காக அந்தக் காலம் முழுக்கப் பொற்காலம் என்று என்னால் எழுத முடியாது. அதே கூடத்தில்தான் விறகடுப்புப் புகையும் சூழ்ந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகையில் தலையைக் காட்டினார்கள். கண்ணுக்கு மை தீட்டினார்கள். பிஞ்சு நுரையீரலுக்குப் புகையும், கண்ணுக்கு மையும் வேண்டவே வேண்டாம் என்று இன்றைய குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். 1971-இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020-இல் அது 28, தமிழ்நாட்டில் 13. தடுப்பூசியும் மருத்துவமனைப் பிரசவமும் நல்ல தண்ணீரும் தந்த மாற்றம் இது. அறை அலங்காரத்துக்கு இதில் பங்கில்லை.

இன்று வளைகாப்பு முடிந்த கையோடு அறை தயாராகிவிடுகிறது. சுவரில் ஒட்டகச்சிவிங்கி, கூரையில் இருட்டில் மின்னும் நட்சத்திரம், நடுவில் வெள்ளைக் கட்டில். கட்டிலுக்குள் எட்டிப் பார்த்தால்தான் எனக்குப் பகீர் என்கிறது. நான்கு பக்கமும் பஞ்சு வைத்த தடுப்புத் திண்டு, தலை உருண்டையாக வரக் கடுகு நிரப்பிய தலையணை, இரண்டு பக்கமும் அணை, காலடியில் கரடி பொம்மை, மேலே புசுபுசுவென்று ஒரு போர்வை. பிள்ளை மேல் உள்ள ஆசையில் வாங்கிச் சேர்த்தவைதான் அத்தனையும். ஆனால் கழுத்தைத் திருப்பத் தெரியாத சிசுவின் மூக்கை அடைக்க இவற்றில் ஏதாவது ஒன்று போதும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992-இல் குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்காதீர்கள் என்றது. 1994-இல் மல்லாத்திப் படுக்க வைக்கும் பிரசாரம் நாடு முழுக்கத் தொடங்கியது. அதன்பின் அங்கே தூக்கத்திலேயே நேரும் திடீர் சிசு மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. செலவில்லாத ஒரு மாற்றம் இத்தனை உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. பக்கச் சட்டம் இறங்கும் கட்டில்களை 2011-இல் அங்கே தடை செய்தார்கள். பஞ்சுத் திண்டுகளுக்கு 2022-இல் தனிச் சட்டமே போட்டார்கள். அங்கே விற்கக் கூடாது என்றானதை நாம் இங்கே பார்த்துப் பார்த்து வாங்குகிறோம்.

இன்னொன்றையும் அதே கழகம் சொல்கிறது: முதல் 6 மாதமாவது குழந்தை பெற்றோரின் அறையிலேயே தூங்கட்டும், ஆனால் தனக்கென்று ஒரு படுக்கையில். அப்படியானால் தனி அறையை அத்தனை அவசரமாக எதற்கு ஜோடிக்க வேண்டும்? தாய்க்குப் பக்கத்தில் என்ற நம் வழக்கம் சரி. ஒரே மெத்தையில் என்பதுதான் ஆபத்து. பத்து நாள் தூக்கமில்லாத தாய் அசந்து புரண்டால் அவளுக்கே தெரியாது. அவள் கட்டிலை ஒட்டி, கைக்கெட்டும் தூரத்தில், அழுத்தினால் குழியாத தட்டையான மெத்தை, அதன்மேல் இழுத்துச் செருகிய ஒரு விரிப்பு, கொசுவலை. அதற்குள் குழந்தையைத் தவிர வேறொன்றும் வேண்டாம்.

2015-இல் தமிழக அரசு, அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு 16 பொருட்கள் கொண்ட பரிசுப் பெட்டகம் கொடுக்கத் தொடங்கியது. சின்ன மெத்தை, கொசுவலை, துண்டு, சட்டை, நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய்க்குச் சுண்டி லேகியம், கை கழுவும் திரவம்கூட. முதல் சில மாதங்களுக்கு ஒரு குழந்தைக்குத் தேவையானது பெரும்பாலும் அந்தப் பெட்டகத்திலேயே இருக்கிறது.

செலவழித்தே ஆக வேண்டும் என்றால் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் செலவழியுங்கள். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பழைய சன்னல் கதவுகளைக் கர்ப்பிணி இருக்கும்போது சுரண்டித் தேய்க்காதீர்கள். பொம்மை வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள், 2021 ஜனவரி முதல் அது கட்டாயம். பட்டன் பேட்டரி போட்ட எதுவும் அறைக்குள் வர வேண்டாம். அந்தக் கால வீட்டில் சுவிட்ச் போர்டு ஆள் உயரத்தில் இருந்தது. இப்போது பிளக் பாயின்ட் தவழும் பிள்ளையின் விரலுக்கு நேராக இருக்கிறது. அதற்கு மூடியும், மெயினில் 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி.யும் போடுங்கள். பீரோவைச் சுவரோடு சேர்த்து முடுக்குங்கள். அன்று கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டினோம்; இன்று குளியலறை வாளியைக் கவிழ்த்து வைப்பதும் அதே அளவு அவசியம்.

தூளி என்ன ஆயிற்று? விட்டமில்லாத வீடுகளிலும் அது நம்மை விடவில்லை. மின்விசிறிக் கொக்கியில், கதவு நிலையில் மாட்டும் கம்பியில், இரும்பு ஸ்டாண்டில், ஸ்பிரிங்கில் தொங்குகிறது. அதை ஒழித்துக்கட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அழும் பிள்ளையை அமர்த்த அதற்கு ஈடு இல்லை என்பது வளர்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் தூளிக்குள் உடல் வளைந்து தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழாய் மடங்கும். அதனால் பக்கத்தில் ஒருவர் விழித்திருக்கும்போது மட்டும் தூளி. கண் அசந்ததும் தட்டையான படுக்கைக்கு மாற்றிவிடுங்கள்.

வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால் இன்னும் கவனம். காலியான தூளியில் ஏறிச் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகி இறந்த சிறுவர் சிறுமியர் செய்தி நம் நாளிதழ்களில் இன்றும் வருகிறது. குழந்தையை எடுத்த மறுநிமிடமே சேலையைச் சுருட்டி, எட்டாத உயரத்தில் கட்டிவிடுங்கள்.