மனத்தைக் கதையாக்கிய மௌனி

கதை என்றால் நிகழ்ச்சிகள் நிறைந்திருக்க வேண்டுமென்று நாம் எண்ணுகிறோம். 1934இல் நோபல் பரிசு பெற்ற இத்தாலிய எழுத்தாளர் பிராண்டெல்லோ, மனித மனத்தின் குழப்பங்களையே கதையாக்கினார். தமிழில் அகமனத்தை எழுதியவர்களுள் முதன்மையானவர் மௌனி (1907–1985). அவருடைய ‘அழியாச்சுடர்’ கதையில், கோயிலில் கண்ட பெண்ணின் நினைவு ஆண்டுகள் கடந்தும் ஒருவன் உள்ளத்தில் அணைவதில்லை.

புதுமைப்பித்தன் அவரைச் சிறுகதையின் திருமூலர் எனப் போற்றினார். வேறு சிலரோ, நடை புரியவில்லை, ஒரே ஏக்கம் திரும்பத் திரும்ப வருகிறது, ஏழைகளின் துயர் இல்லை என்று குறை கூறினர். இரண்டிலும் உண்மை உண்டு. எனினும், மூடுபனி மறைப்பதால் நம் இத்தலார் மலைகள் இல்லாமற் போவதில்லை. பேசாத தோழியின் துயரை உணர, இக்கதைகள் நமக்குப் பொறுமை கற்பிக்கின்றன. அவற்றை நிதானமாகப் படிப்போமாக!