போதை ஒழிப்பில் அரசும் நாமும்

திருவள்ளுவர் ‘கள்ளுண்ணாமை’ என ஓர் அதிகாரமே வகுத்தார். எனினும் போதை நம் நாட்டை விட்டு இன்னும் அகலவில்லை. போதை புகுந்த வீட்டில் அடியும் உதையும் பின்னாலேயே புகுந்துவிடும். இவற்றைத் தடுக்க அரசு மேற்கொண்ட வழிகளை நாம் அறிவது அவசியம்.

1937இல் இராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தது. 1948இல் அது மாகாணம் முழுவதும் பரவியது. நம் புதுக்கோட்டைச் சமஸ்தானம் மாகாணத்துடன் இணைந்ததும் அவ்வாண்டில்தான். பின்னர் 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மறுபடியும் விலகியது. 2003 முதல் அரசு நிறுவனமே கடை வைத்து மது விற்கிறது. விற்பதும் அரசு, வேண்டாமென்பதும் அரசு! இதைப் பெரியோர் சிந்திக்க வேண்டும்.

இன்று அரசின் வழிகள் மூன்று. முதலாவது, போதைப் பொருள் கைக்கு எட்டாமல் செய்தல். 1985ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி கஞ்சா, ஹெராயின் போன்றவற்றை வைத்திருப்பதே குற்றம். பள்ளிக்கு 100 கஜத்திற்குள் புகையிலைப் பொருள் விற்கலாகாது.

இரண்டாவது, முன்கூட்டியே எச்சரித்தல். 2022 ஆகஸ்டு 11ஆம் நாள் தமிழகமெங்கும் மாணவ மாணவியர் போதை எதிர்ப்பு உறுதிமொழி ஏற்றனர். பள்ளி, கல்லூரிகளில் போதை எதிர்ப்பு மன்றங்களும் அமைக்கப்பட்டன.

மூன்றாவது, பாதிக்கப்பட்டோரைக் காத்தல். பெண்கள் கூச்சமின்றிக் குறை சொல்ல, 1992 முதல் தமிழகத்தில் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் உள்ளன. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, துன்புறும் பெண் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை பெறலாம்.

ஆனால் சட்டம் தானாக வந்து நம் வீட்டுக் கதவைத் தட்டாது. “வெளியே தெரிந்தால் மானம் போய்விடுமே” என்று தாய் அழுகையை அடக்குகிறாள். மகளும் வாய் திறப்பதில்லை. தோழியரே, அடிப்பதுதான் மானக்கேடு. அதை எடுத்துச் சொல்வதன்று. குடிக்கு அடிமையானவரும் ஒரு நோயாளியே. அவருக்குச் சிகிச்சை உண்டு. அதற்கும் யாரேனும் முதலில் வாய் திறக்க வேண்டும்.

பெண்களுக்கு 181, சிறுவர் சிறுமியருக்கு 1098, போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, கள்ளச்சாராயம் பற்றித் தெரிவிக்க 10581. இத்தொலைபேசி எண்களை நம் நோட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைப்போம். நம்பிக்கைக்குரிய ஆசிரியையிடமாவது மனம் திறந்து சொல்வோம். அரசு போட்ட பாதை நம் வீட்டு வாசல் வரை வரும்; கதவைத் திறக்க வேண்டியவர்கள் நாமே!